பிரஷ் கழுவ 450 ரூபாய் பாட்டில் எதற்கு?

பிரஷ் என்றால் எனக்குத் தெரிந்தது இரண்டுதான். ஒன்று பல் விளக்க, இன்னொன்று ஷேவ் பண்ண. பரதநாட்டியம் கற்றுக்கொள்ளும் பெண்ணைப் பெற்ற புண்ணியத்தில் மூன்றாவதையும் படிக்க வேண்டியதாகிவிட்டது :-)

போன தசரா சமயம் மைசூரில் ஒரு நிகழ்ச்சி. 12 குழந்தைகள், ஒரே மேக்கப்காரர், ஒரே செட் பிரஷ். ஒரு குழந்தையின் கண்ணில் தீட்டிய பிரஷ்தான் அடுத்த குழந்தைக்கும். நடுவில் ஒரு பாட்டிலை எடுத்துப் புஸ்ஸென்று அடித்து, டிஷ்யூவில் துடைத்துக்கொண்டார். "பிரஷ் க்ளீனர் சார், இம்போர்ட்டட்" என்றார். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் பெண்ணுக்கு இமை வீங்கிவிட்டது. கண் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "யாரோட பிரஷ்?" அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் அவரே சொன்னார். இருந்தாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உறுத்தியது அதுதான்.

உடனே நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைக்குப் போய் அதே மாதிரி ஒரு பாட்டில் வாங்கினேன், 450 ரூபாய்! அசட்டுத்தனம்.

அந்த மாதிரி ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் ஆல்கஹால்தான். பவுடர் நிறத்தை எடுக்கும், சீக்கிரம் காயும். ஆனால் ஃபவுண்டேஷன், பேன்கேக் எல்லாம் எண்ணெயும் மெழுகும் கலந்தவை. முடியின் அடிவரை போய் உட்கார்ந்துகொள்ளும். அதைத் தண்ணீர் விட்டு அலசித்தான் வெளியேற்ற வேண்டும். அழுக்குக் கையில் சானிட்டைசர் சரியாக வேலை செய்யாது என்று 2020 இல் நமக்கெல்லாம் பாடம் எடுத்தார்களே, அதற்குள் மறந்துவிட்டதா? கைக்கு ஒரு நியாயம், பிரஷ்ஷுக்கு ஒரு நியாயமா?

அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் சங்கம் சொல்வது ரொம்ப எளிது. 7 முதல் 10 நாளைக்கு ஒருமுறை, ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் மைல்டான ஷாம்பூ. அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் பக்கத்து வீட்டு மாமி சண்டைக்கு வருகிறார். "1916 லேயே நால்வடி மகாராஜா ஆரம்பிச்ச சோப்பு ஃபேக்டரி. மைசூர் சாண்டல் இருக்கறச்சே ஷாம்பூ எதுக்கு?" மாமி, குளிக்க அது அருமையான சோப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டி சோப்பு பொதுவாகக் காரத்தன்மை உள்ளது. போர் தண்ணீரில் அதன் வெள்ளைக் கசடு முடியில் படிந்து, பிரஷ் துடைப்பக்குச்சி ஆகிவிடும். வாசனை சேர்த்த எதுவும் கண்ணுக்குப் போகிற பிரஷ்ஷில் வேண்டாம்.

ஆக, பாட்டிலின் விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிரஷ்ஷையும் தண்ணீரையும் பார்த்து முடிவு செய்யுங்கள்:

1. நைலான் பிரஷ், காவிரித் தண்ணீர்: மைல்டான சோப்போ ஷாம்பூவோ, எதுவானாலும் சரி. நன்றாக அலச வேண்டும்.
2. போர் தண்ணீர்: ஷாம்பூ மட்டும். 2 ரூபாய் சாஷே போதும்.
3. ஆட்டு முடி, அணில் முடி பிரஷ்: பேபி ஷாம்பூ. ஸ்பிரிட், ஆல்கஹால் பக்கமே போகாதீர்கள், முடி வறண்டு உதிரும்.
4. பேன்கேக் பிரஷ்: ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் கழுவுங்கள்.
5. முடி இருக்கும் பக்கத்தை மட்டும் நனையுங்கள். கழுவியதும் நிறுத்தி வைக்காதீர்கள், தண்ணீர் உலோகப் பூணுக்குள் இறங்கிப் பசை விட்டுப்போகும். மேஜை விளிம்பில் முடி வெளியே இருக்கும்படி படுக்கப் போடுங்கள். ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடினால் கழுவியதே வீண்.

ஸ்பாஞ்சுக்கும் இதே கதைதான். இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் 467 பழைய மேக்கப் பொருட்களைச் சோதித்து 2019 இல் முடிவைச் சொன்னார்கள். அதில் மேக்கப் ஸ்பாஞ்சுகளில் 93 சதவீதம் ஒருமுறைகூடக் கழுவப்படாதவை.

சரி, அந்த மேக்கப்காரர் மேல் எனக்குக் கோபமா? இல்லை. ஒரு மணி நேரத்தில் 12 முகம் அவருக்கு. கோபம் நம் மேல்தான். பட்டுப்புடவை, கோயில் நகை, மண்டபம் என்று பெர்சனல் லோன் போட்டு அரங்கேற்றம் நடத்துகிறோம். லோன் ஃபைல் பார்க்கிற ஆள் நான், எனக்குத் தெரியாதா! ஆனால் குழந்தைக்கென்று தனியாக இரண்டு கண் பிரஷ் வாங்கித் தரத் தோன்றவில்லை. "வந்த ஊர்ல எதுக்கு வம்பு" என்று வாயைத் திறப்பதும் இல்லை. நானும்தான் திறக்கவில்லை.

"பிரஷ் தொளெதித்தீரா?" என்று கேட்க எவ்வளவு கன்னடம் வேண்டும்? மூன்று நொடி ஆகும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால், உங்கள் பையில் இருக்கும் உங்கள் பிரஷ்ஷை எடுத்து நீட்டுங்கள்.

டிஸ்கி: அந்த 450 ரூபாய் பாட்டில் அலமாரியில் அப்படியே இருக்கிறது. வாராக்கடன் கணக்கில் எழுதிவிட்டேன் :-)