தனித்த இடத்துக்கு ஒரு படகு

“நேரமில்லை” என்பதே இன்று நம் வீடுகளில் ஓயாது ஒலிக்கும் சொல். தந்தைக்குத் தொழில், தாய்க்கு அடுப்படியும் அலுவலகமும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் தனியார் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமையும் அவ்வகுப்புகளுக்கு இரையாகி வருகிறது. எஞ்சிய சிறு பொழுதைக் கைப்பேசி கவர்ந்துகொள்கிறது. உடல் படுக்கையிற் கிடந்தாலும் உள்ளம் ஓடிக்கொண்டேயிருக்கிறது.

அனலைதீவுக்குப் பாலமில்லை. ஊர்காவற்றுறையிலிருந்து படகேறியே அங்குச் செல்லவேண்டும். எத்துணை அவசரக்காரராயினும் படகினும் விரைந்து போக இயலாது. நோயாளியைக் கொண்டுசெல்வோர்க்கு இது பெருந்துன்பமே. ஆயினும் நலமாய்ப் பயணம் செய்வோர்க்கு அக்கடல் ஒரு பாடம் புகட்டுகிறது: நாம் கைகட்டி அமர்ந்திருக்கும் வேளையிலும் உலகம் நின்றுவிடுவதில்லை.

மாற்கு எழுதிய நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்திலும் ஒரு படகுப் பயணம் வருகிறது. ஊர்தோறும் பணிசெய்து மீண்ட சீடர்களைச் சனங்கள் சூழ்ந்துகொண்டனர். உண்ணவும் அவர்களுக்கு அவகாசமில்லை. அவர்கள் செய்ததோ நல்ல வேலை. இருந்தும் இயேசு பெருமான் அவர்களை மேலும் உழைக்க ஏவவில்லை. தனித்த இடத்துக்கு வந்து இளைப்பாறும்படி அழைத்தார். படகு புறப்பட்டது. சனங்களோ கரைவழியே ஓடி, முந்திக்கொண்டு அங்கே காத்து நின்றனர்! அவர் சினக்கவில்லை. மனமிரங்கிப் போதித்தார், ஐயாயிரம் ஆடவர் உண்ணுமாறு அப்பமும் அளித்தார். பின்னர் யாவரையும் அனுப்பிவிட்டு, செபிக்கத் தனியே மலையேறினார்.

இதனால் நாம் அறிவது யாது? மனிதரை வெறுத்து ஒதுங்குவது ஓய்வன்று. அனைத்தும் நம் தோள்மீதே தங்கியுள்ளது என்ற எண்ணத்தை இறைவனிடம் இறக்கிவைப்பதே ஓய்வு. அவ்வாறு இறக்கிவைத்தவனே மறுபடியும் பிறர் சுமையைத் தாங்க வல்லவனாகிறான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இதற்குச் சான்றுண்டு. 1928இல் தோமஸ் அடிகளார் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கினார். மௌனமும் செபமும் உழைப்புமே அத்துறவியரின் வாழ்வு. தோலகட்டி நெல்லிரசத்தை அருந்தியோர் பலர்; அதன் பின்னேயுள்ள மௌனத்தை எண்ணிப் பார்த்தோர் சிலரே. உழைப்பும் அமைதியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அவ்வாழ்வு காட்டுகிறது.

நாமனைவரும் துறவியராக வேண்டுவதில்லை. பொழுது சாய்ந்ததும் கைப்பேசியை அப்பால் வைத்துவிட்டுக் குடும்பமாய்க் கால்மணி நேரம் அமர்ந்து செபிக்கலாம். ஞாயிறு காலையைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்கலாம். மாணவச் செல்வங்களே, நீங்களும் புத்தகத்தைத் திறக்குமுன் ஒரு கணம் கண்மூடி, முயற்சி நம்முடையது, முடிவு ஆண்டவருடையது என எண்ணிக்கொள்ளுங்கள்.

பெற்றோரே, பரீட்சையில் இழந்த புள்ளிகளை அடுத்த தவணையிற் பெறலாம். இறைவன் முன் அமைதியாய் இருக்கக் கல்லாத பிள்ளை, நாளை வாழ்க்கைக் கடல் கொந்தளிக்கையில் எந்தப் படகில் ஏறும்?