புல்தரை எல்லாருக்கும், மேடை?

இசைக்கு நிறம் கிடையாது, சாதி கிடையாது என்று நம்ம தோழர்களிலேயே சிலர் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். கேட்டால் நியூயார்க்கைக் காட்டுகிறார்கள். கோடையில் சென்ட்ரல் பூங்காவில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு காசு வாங்காமல் சிம்பொனி வாசிக்கும். 1965ல் தொடங்கிய ஏற்பாடு. யாரும் போர்வையை விரித்து உட்கார்ந்து பீத்தோவனைக் கேட்கலாம். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் புல்தரையில் இருப்பவர்களை எண்ணிவிட்டு மேடையில் இருப்பவர்களை எண்ணாமல் வருவது என்ன கணக்கு?

பூங்காவுக்கு முன்பே ஹார்லெம் பகுதியில் லூயிசான் ஸ்டேடியம் இருந்தது. 1918லிருந்து 1966 வரை கோடை இரவுகளில் அங்கே திறந்தவெளிக் கச்சேரி. 1925 ஆகஸ்டில் மரியன் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பாடகி, முந்நூறு பேர் கலந்துகொண்ட போட்டியில் ஜெயித்து, இதே ஃபில்ஹார்மோனிக்குடன் அங்கே பாடினார். மெட்ரோபாலிட்டன் ஆபரா அவரைத் தன் மேடையில் ஏற்ற 1955 ஆயிற்று. முப்பது வருசம்!

1941 ஆகஸ்டில் அதே ஸ்டேடியத்தில் கோல் பிடித்தவர் டீன் டிக்சன். ஹார்லெமில் வளர்ந்தவர், வயது 26. ஃபில்ஹார்மோனிக்கை நடத்திய முதல் அமெரிக்கக் கறுப்பர். கைதட்டினார்கள். நிரந்தரப் பொறுப்பு மட்டும் எந்தப் பெரிய அமெரிக்கக் குழுவும் தரவில்லை. 1949ல் நாட்டை விட்டே போனார். சுவீடனின் கோதென்பர்க்கும் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் வானொலியும் அவரைத் தலைமை நடத்துநராக வைத்துக்கொண்டன. ஃபில்ஹார்மோனிக்கை நடத்தத் திரும்ப வந்தது 1970 கோடையில், சென்ட்ரல் பூங்காவில். 1941லும் திறந்தவெளி, 1970லும் திறந்தவெளி. கோடை என்பது அரங்கத்துச் சீசன் முடிந்த காலம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

1842ல் பிறந்த அந்தக் குழுவில் முதல் கறுப்பின நிரந்தரக் கலைஞர், வயலின் சான்ஃபோர்ட் ஆலன், 1962ல்தான் உள்ளே வந்தார். ஏன் இத்தனை நாள் என்றால், தகுதி, திறமை. நமக்குத் தெரியாத பாட்டா அது?

1969ல் ஏர்ல் மேடிசன், ஆர்ட் டேவிஸ் என்ற இரண்டு கறுப்பினக் கலைஞர்கள் நகர மனித உரிமை ஆணையத்துக்குப் போனார்கள். நிரந்தர வேலையில் பாகுபாடு நிரூபணமாகவில்லை, தற்காலிகக் கலைஞர்களை அழைப்பதில் உண்டு என்று 1970ல் முடிவு வந்தது. அதாவது, தெரிந்தவனுக்குப் போன் போட்டு 'வாடா மாப்ளே' என்கிற இடத்தில்.

எழுபதுகளில் திரை பரவியது. வாசிப்பவர் திரைக்குப் பின்னால், தேர்வு செய்பவருக்குக் காது மட்டும். அப்புறம் பெண்கள் எண்ணிக்கை கூடியது. காதால் மட்டுமே தேர்ந்தெடுத்ததாகச் சத்தியம் செய்தவர்களின் கண் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தது? வங்கிக் குமாஸ்தா எனக்கு இது புரிய சங்கீத ஞானம் தேவையில்லை. எழுத்துத் தேர்வில் என் தாளுக்கு வெறும் நம்பர்தான். நேர்முகத்தில்தான் 'ஊர்ல எந்தப் பக்கம்?' என்று கேட்டாங்க.

ஆனால் திரையாலும் கறுப்பர்களுக்குப் பெரிதாக வழி பிறக்கவில்லை. அது வாசிக்கிற பத்து நிமிசத்தைத்தான் மறைக்கும். அதற்கு முந்தைய பதினைந்து வருசத்தை, நல்ல வாத்தியத்தின் விலையை, வாத்தியாருக்குக் கொடுக்கும் பணத்தை எந்தத் திரை மறைக்கும்? ஃபில்ஹார்மோனிக்கில் ஒரு வாத்தியப் பிரிவுக்கு முதன்மைக் கலைஞராகக் கறுப்பர் ஒருவர் அமர்ந்தது 2014ல், கிளாரினெட் அந்தோணி மெக்கில்.

இங்கேயும் சபாவிலிருந்து இறங்கி 2015ல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்துக்கு வந்து பாடினார்கள். வரட்டும், கேட்போம். மிருதங்கத்துக்குத் தோல் கட்டுகிற தலித் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வித்வான்கள் மிருதங்கம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்? அந்தக் கணக்கை முதலில் சொல்லுங்க, புல்தரையை அப்புறம் பேசலாம்.