தூண்டில் றீலுக்குப் புதுநிறம்

உப்புக்காற்று அலுமினியத்தை விட்டுவைப்பதில்லை. கடலோரத்திலே சில ஆண்டுகள் பாவித்த தூண்டில் றீல் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், திருகாணிகளைச் சுற்றி நிறப்பூச்சு கொப்புளித்து எழும்பியிருப்பதையும், நகத்தாற் சுரண்டியவுடன் அதன் கீழிருந்து வெண்பொடி உதிர்வதையும் காணலாம். உருக்குத் திருகாணியும் அலுமினிய உடலும் உப்புநீரில் நனைந்தபடி ஒன்றையொன்று தொட்டிருக்கும்போது அவ்விடத்திலே ஒரு சிறு மின்கலம் உண்டாகிவிடுகின்றது. அதிலே கரைந்து அழிவது அலுமினியமே. ஆதலினாற்றான் நோய் திருகாணியின் ஓரத்திலே தொடங்குகின்றது. கண்டும் காணாதவர்போல் இருந்துவிட்டால், நாளடைவில் புரி தின்னப்பட்டுத் திருகாணி பிடிப்பற்றுப் போகும். பின்பு அந்த றீல் பழைய இரும்பு வாங்குவோனுக்கே உரியது.

இத்தகைய றீலை வீட்டிலேயே கழற்றித் துப்புரவாக்கி, விரும்பிய நிறத்தைப் பூசிக்கொள்ளும் பழக்கம் இன்று பல நாடுகளிலும் தூண்டில்காரரிடையே இருந்து வருகின்றது. அழகுக்காகச் செய்வோரும் உளர். உலோகத்தைக் காப்பாற்றுவதற்காகச் செய்வோரும் உளர். நாம் இரண்டாமவரின் பக்கத்தைச் சார்ந்தே இதனை எழுதுகின்றோம். அழகு தானாக வந்து சேரட்டும்.

றீலின் வமிசத்தை அறிந்தால் அதனை எவ்வாறு கையாள வேண்டும் என்பது விளங்கும். நூற்கட்டை அசையாதிருக்க, அதன் தலைப்பக்கமாக நூல் உருவிச் செல்லும் றீலுக்கு 1905ஆம் ஆண்டிலே உரிமை பெற்றவர் அல்பிரட் இலிங்வேர்த் என்னும் ஆங்கிலேயர். நூலாலையின் நூற்கட்டைகளே அவருக்கு அந்த எண்ணத்தைக் கொடுத்தன என்பர். சுவீடன் தேசத்து ஆபு நிறுவனம் 1921இல் மணிக்கூடு செய்வதற்கெனத் தொடங்கப்பட்டு, வாடகைக் கார்களின் மீற்றர்களைச் செய்து, அதன் பின்னரே றீலுக்கு வந்தது. மிச்செல் றீலைச் செய்த பிரெஞ்சுக்காரரும் குளூஸ் என்னும் மணிக்கூட்டுத் தொழிலூரைச் சேர்ந்தவர்களே. ஆகவே நம் கையில் இருப்பது ஒரு வகையில் மணிக்கூட்டின் உறவினம். வாளிக்கும் வாசற்கதவுக்கும் பெயின்ற் அடிப்பதுபோல் இதற்கு அடித்தல் ஆகாது.

முதற்கேள்வி, பூசலாமா கூடாதா என்பது. தந்தையார் பாவித்த பழைய றீல் ஒன்று வீட்டில் இருக்குமாயின், அது எந்த நிறுவனத்தின் எந்த வகை என்பதை அறிந்துகொண்ட பின்பே அரத்தாளைக் கையிலெடுக்க வேண்டும். பழைய றீல்களைச் சேகரிப்போர், கீறல் விழுந்திருந்தாலும் ஆதிப்பூச்சு உள்ளதையே பெரிதாக மதிப்பர். புதுநிறம் பூசியதற்கு விலையைக் குறைப்பர். விலை ஒருபுறமிருக்க, அந்தத் தேய்வு யாருடைய கையினால் உண்டானது என்பதும் ஒரு கணக்கன்றோ? அத்தகைய றீலை எண்ணெய்த் துணியால் துடைத்து அலுமாரியில் வைப்பதே மேல் என்பது நமது கட்சி. பூசுவதற்கு ஏற்றது, தினமும் வேலை செய்கின்ற, மேனி கெட்டுப்போன, சாதாரண றீல்.

அடுத்தது, உடல் எதனாலானது என்பது. வார்ப்பு அலுமினியமாயின் அச்சமில்லை. கரிநார் கலந்த பிளாஸ்ரிக்காயின், அதற்கென விற்கும் அடிப்பூச்சு வேண்டும். பாரம் மிகக் குறைந்த விலையுயர்ந்த றீல்கள் சிலவற்றின் உடல் மக்னீசியம் ஆகும். அதனை அராவும்போது எழும் தூள் தீப்பற்றக்கூடியது. பற்றினால் நீரூற்றி அணைக்க முடியாது, நீர் அத்தீயை வளர்க்கும். மக்னீசியம் என்று தெரிந்தால் வீட்டில் அதனை அராவ வேண்டாம். ஆபுவின் புகழ்பெற்ற அம்பாசடர் 5000 றீலின் சிவப்பைப் போன்ற நிறங்களோ பெயின்ற் அல்ல. மின்முறையால் அலுமினியத்தின் மேலேயே வளர்த்து நிறமூட்டிய படலம் அது. அதனைச் சுரண்டியபின் அதே சிவப்பைப் பேணியிலிருந்து பெறுதல் இயலாது. பழைய பூச்சை நீக்கக் கோஸ்ரிக் சோடாவைப் பாவிக்கலாம் என்று சிலர் சொல்வர். அது பூச்சோடு அலுமினியத்தையும் தின்றுவிடும். தீப்பிடிக்கும் ஐதரசன் வாயுவையும் வெளிவிடும்.

இனிக் கழற்றும் வேலை. வீட்டில் மாணவர் இருந்தால் இதிலே அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பாகத்தைக் கழற்றுமுன்பும் கைத்தொலைபேசியிற் படமெடுப்பதும், முட்டைத் தட்டின் குழிகளிலே முறைப்படி இட்டு இலக்கமிடுவதும் அவர்கள் வேலை. சில பாகங்களின் புரி தலைகீழாகச் சுழல்வது. திரும்பாவிடின் பலத்தைக் காட்டாமல் மறுபக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். பெயறிங்குகள், பற்சில்லுகள், நூலின் இழுவையைக் கட்டுப்படுத்தும் வளையங்கள் யாவும் வெளியே வந்துவிட வேண்டும். இழுவை வளையங்களைத் தின்னரிலே போடுவது பெரும் பிழை; கம்பளி வளையமாயின் அதில் ஊறியிருக்கும் கிறீஸ் கழுவப்பட்டுவிடும்.

பூச வேண்டிய இடங்களைக் காட்டிலும் பூசக்கூடாத இடங்களை அறிவதே இத்தொழிலின் உயிர்நிலை. அடிப்பூச்சு, நிறம், மேற்பூச்சு ஆகிய மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு தடிப்பாகும். தலைமயிர் ஒன்றின் தடிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். கதவுக்கு அது ஒன்றுமில்லை. பெயறிங் அமரும் குழிக்கோ அது மலை. அச்சு, பெயறிங் இருக்கைகள், திருகாணித் துளைகள், உடலும் மூடியும் ஒன்றோடொன்று பொருந்தும் விளிம்புகள் ஆகியவற்றை ஒட்டுநாடாவினாலும் கடதாசித் திரியினாலும் அடைத்துவிட வேண்டும். தூண்டிற்றடியிலே செருகும் பாதத்தின் இரு நுனிகளுக்கும் பூச்சு வேண்டாம். தடித்தால் செருகாது, செருகினாலும் உரிந்துபோம். எல்லாவற்றிலும் முக்கியம் நூற்கட்டையின் முன்விளிம்பு. எறியும்போது நூல் அவ்விளிம்பைத் தேய்த்துக்கொண்டே பறக்கின்றது. அங்கே பூசிய பெயின்ற் சில நாட்களிலே சிதும்பு சிதும்பாகப் பெயரும். அந்தச் சொரசொரப்பு தங்கூசியை அராவிக்கொண்டேயிருக்கும். பெரிய மீன் ஒன்று இழுக்கும் வேளையிலேதான் நூல் அறுந்து, காரணம் விளங்கும். நூல் சுழலும் சிறு உருளைக்கும் இதே விதி.

பிறகு மேனியைத் தயார் செய்தல். இளஞ்சுடுநீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவி, உலர்த்தி, 320ஆம் இலக்க அரத்தாளினால் கொப்புளங்களைத் தேய்த்து, வெண்பொடி முழுவதையும் அகற்ற வேண்டும். ஒரு துளி எஞ்சினாலும் புதுப்பூச்சின் கீழே அது தன் வேலையைத் தொடரும். உறுதியாய் ஒட்டியிருக்கும் பழைய பூச்சை முற்றாக நீக்க வேண்டியதில்லை. ஓரங்களைப் படிப்படியாகச் சரித்து, 600ஆம் இலக்கத்தால் மென்மையாக்கினாற் போதும். பின்பு மதுசாரம் தோய்த்த சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். அதன்பின் வெறுங்கை படலாகாது. கைவிரலின் எண்ணெயோ சிலிக்கன் மெருகோ பட்ட இடத்தில் பெயின்ற் விலகி வட்டக்குழி விழும். பெயின்ற்காரர் அதற்கு வைத்த பெயர் மீன்கண். தூண்டில் றீலிலே நாம் விரும்பாத மீன்கண் இது ஒன்றே.

அலுமினியத்தின் மேல் நிறத்தை நேரே அடித்தால் தோல்போல் உரிந்துவிடும். தேய்த்த சிறிது நேரத்திலேயே காற்றுப்பட்டு அதன்மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் பரவுவதே காரணம். உலோகத்தைச் சற்றே அரித்துப் பிடித்துக்கொள்ளும் அமில அடிப்பூச்சு, கார்களுக்குப் பெயின்ற் விற்கும் கடைகளிலே கிடைக்கும். தேய்த்த அன்றே அதனைப் பூசிவிட வேண்டும்.

நிறம் அடிக்கையில் ஸ்பிறே பேணியை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தூரத்திற்குக் குறையாமற் பிடித்து, பாகத்திற்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி வீச வேண்டும். முதலாம் பூச்சிலேயே நிறம் நிறைந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டோர் பெறுவது வழிந்த கண்ணீர்க் கோடுகளே. மெல்லிய பூச்சாக மூன்று நான்கு, இடையிடையே பத்து நிமிடம். மாரிக்காலத்து ஈரமான நாட்களைத் தவிர்ப்பது நன்று. தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியிலே காற்றின் ஈரம் படிந்து, பூச்சு பால்போல் வெளிறிவிடும். ஒளிரும் செம்மஞ்சள் இளைஞரைக் கவரும். ஆனால் வெயிலில் விரைவாக மங்குவதும் அதுவே.

வேலையைத் திறந்த விறாந்தையிலே, அடுப்புக்கு அப்பால், சிறுவர் அண்டாமல் செய்ய வேண்டும். வன்மையூட்டி கலந்து அடிக்கும் இருபாகப் பளபளப்புப் பூச்சைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதிலுள்ள ஐசோசயனேற்று என்னும் பொருள் நெஞ்சினுட் சென்றால் தீராத தொய்வு நோயை உண்டாக்கக்கூடும். துணி முகமூடி அதனைத் தடுக்காது. பெற்றோல் பட்டாலும் கலங்காத பூச்சு அது என்பது உண்மையே. வேண்டுமாயின் தகுந்த மூச்சுக்காப்பு உள்ள கார்ப் பெயின்ற் சாலையில் கொடுத்து அடிப்பித்துக்கொள்க. வீட்டிற்குச் சாதாரண அக்கிரிலிக் மேற்பூச்சே போதும்.

ஒரு மணி நேரத்திலே தொட்டாற் பூச்சு ஒட்டாது. ஆயினும் அது காய்ந்துவிட்டது என்று எண்ணி உடனே பூட்டினால், திருகாணியின் தலை அதனைப் பிதுக்கி எடுத்துவிடும். ஒரு வாரம் பொறுத்து, மறைவான ஓரிடத்தில் நகத்தை அழுத்திப் பார்த்து, தழும்பு விழாவிடின் பூட்டலாம். அப்பொழுது ஒவ்வொரு திருகாணியின் புரியிலும் கடல்நீருக்கென விற்கும் கிறீஸை ஒரு பொட்டளவு தடவ வேண்டும். உருக்கும் அலுமினியமும் உப்புநீரிலே சந்திப்பதை அது தடுக்கும். கடலிலிருந்து திரும்பியதும் இழுவைத் திருகை இறுக்கிவிட்டு, நன்னீரை மெல்லத் தெளித்துக் கழுவுக. குழாயை வேகமாகத் திறந்து பீச்சினால் வெளியேயுள்ள உப்பு உள்ளே போய்விடும். துடைத்து நிழலில் உலர்த்தியபின், அடுத்த பயணம் வரையில் இழுவைத் திருகைத் தளர்த்தி வைக்கவும்.