பிள்ளைகள் தலையில் பூமி

சுற்றுச்சூழல் தினம் என்றால் பள்ளி மேடைகளில் ஒரு வசனம் தவறாது: "இந்தப் பூமி மாணவர்களாகிய உங்கள் கையில்தான் இருக்கிறது." பேசுகிறவர் அதிகாரியாக இருப்பார், இல்லாவிட்டால் உள்ளூர்த் தொழிலதிபர். எதிரே வெயிலில் உட்கார்ந்திருப்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். அதிகாரமும் ஆலையும் மேடையில், பொறுப்பு மட்டும் தரையில். வருடக்கணக்கில் கேட்டுச் சலித்துவிட்டது. இவர்கள் சொல்லும் நியாயங்களைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

பள்ளியில் சொல்லிக் கொடுத்தால் அடுத்த தலைமுறை திருந்திவிடுமாம். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1991-லேயே உத்தரவிட்டது. அந்தப் பாடம் எல்லாப் பள்ளிக்கும் எப்போது வந்து சேர்ந்தது என்பது தனிக்கதை. எப்படியோ, அன்று நான்காம் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு இன்று நாற்பது தாண்டிவிட்டது. அந்த 'அடுத்த தலைமுறை'தான் இப்போது கோப்புகளில் கையெழுத்துப் போடுகிறது. திருந்திய அறிகுறி எதுவும் என் கண்ணில் படவில்லை.

பிள்ளை சொன்னால் பெற்றோர் கேட்பார்களாம். முதலில் செல்போனைக் கீழே வைக்கச் சொல்லிப் பார்க்கட்டும்.

மரக்கன்று நட்டால் பொறுப்புணர்ச்சி வளருமாம். சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று பல வருடங்களில் நம் பள்ளிகள் திறந்திருப்பதே இல்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலான மாவட்டங்களுக்கு நல்ல மழை அக்டோபரில்தான். போட்டோவுக்காக நட்ட கன்று அதுவரை பிழைத்திருந்தால், அது அதன் சொந்த சாமர்த்தியம்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது குப்பை விஷயத்தில்தான். "கீழே போடாதே, தொட்டியில் போடு" என்று சொல்லிவிட்டால் பிளாஸ்டிக் பிரச்சினை பாதி தீர்ந்ததாக நினைக்கிறார்கள். தொட்டியில் போட்டபின் அது எங்கே போகிறது? இடைவேளையில் பிள்ளைகள் தின்னும் சிப்ஸ் பாக்கெட்டின் உறை, பல அடுக்குப் படலம்; உள்பக்கம் பளபளப்பது அலுமினியப் பூச்சு. அடுக்குகளைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது என்பதால் காயலான் கடைக்காரர் அதை எடைக்கு எடுப்பதில்லை. சென்னைப் பிள்ளை எவ்வளவு ஒழுங்காகத் தொட்டியில் போட்டாலும், அது போய்ச் சேர்வது பெருங்குடிக் குப்பைக் கிடங்கிலோ கொடுங்கையூர்க் கிடங்கிலோதான்.

இது அரசாங்கத்துக்குத் தெரியாததல்ல. மறுசுழற்சிக்கு உதவாத இத்தகைய உறைகளை இரண்டே ஆண்டில் ஒழிக்க வேண்டும் என்று 2016-இன் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளே சொல்லின. கெடு முடிகிற நேரத்தில், 2018 மார்ச்சில், விதியைத் திருத்தினார்கள். மறுசுழற்சி செய்ய முடியாவிட்டால் பரவாயில்லை, எரித்து ஆற்றல் எடுக்க முடிந்தாலோ வேறு எதற்காவது பயன்பட்டாலோ போதும், உறை தப்பித்தது. சிமென்ட் ஆலைச் சூளையில் எரியாத பிளாஸ்டிக் உறையை யாராவது காட்டட்டும்! 2019-இல் தமிழக அரசின் பிளாஸ்டிக் தடை வந்தபோதும் இதே கதை. கேரி பேக் வைத்திருந்த பூக்காரம்மா மாட்டிக்கொண்டார். ஆலையிலேயே உறையிட்டு வரும் தின்பண்டத்துக்குத் தொடக்கத்தில் விலக்கு. இந்த முடிவுகளில் எதையும் எந்த ஆறாம் வகுப்புப் பிள்ளையும் எடுக்கவில்லை.

விதி தளர்ந்த அதே 2018-இல் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளி மாணவிகள் 20,000-க்கும் மேற்பட்ட தின்பண்ட உறைகளைச் சேர்த்து, தயாரித்த நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். பண்டம் பிடித்திருக்கிறது, உறைதான் பிடிக்கவில்லை என்று மரியாதையாக ஒரு கடிதமும் வைத்தார்கள். "பாருங்கள், பிள்ளைகளால் முடிகிறதே" என்று இதையும் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக இழுக்கும் பேச்சாளர்கள் உண்டு. பார்சலின் மேல் யார் முகவரி இருந்தது என்பதை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள். உறையைச் செய்தவரே பொறுப்பேற்கட்டும் என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். பூமி எங்கள் கையில் என்று அவர்கள் உறுதிமொழி எடுக்கவில்லை.

தேசிய பசுமைப் படை, சுற்றுச்சூழல் மன்றம் என்ற பெயர்களில் பள்ளிகளுக்குச் சிறு தொகை வருகிறது. அதில் ஒரு பகுதி ஓவியப் போட்டிக்கும் வாசகப் போட்டிக்கும் போகிறது. கொஞ்சத்தைத் தபால் செலவுக்கு ஒதுக்கலாம். நிறுவனத்தின் முகவரி ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்திலும் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது.