நாமகிரியா, 75 ரூபாயா?

பல்கலைக் கழகத்தின் பெருமை பேசும் விழாக்கள் பலவற்றில் நாமும் அமர்ந்திருக்கிறோம். மேடை ஏறுவோர் தவறாமல் ஒரு பட்டியல் படிப்பர். இராமன் என்பர், நோபல் பரிசு, 1930 என்பர். சந்திரசேகர் என்பர், அவருக்கும் நோபல், 1983 என்பர். கணித மேதை இராமானுஜம் என்பர். கைதட்டல் எழும், மாலை விழும், நன்றியுரை தொடரும். 1857 செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்த சென்னைப் பல்கலைக் கழகத்தின் வரலாறு, மூன்றே பெயர்களில் முடிந்து போகும்!

அப்பெயர்களைக் குறைகூற நாம் வரவில்லை. அறிவுலகம் போற்றும் பெயர்கள் அவை. ஆனால் பட்டியல் படிப்போர் சொல்லாமல் விழுங்கிவிடும் செய்திகள் சில உண்டு. அவற்றைச் சொல்லத்தான் எழுதுகோலை எடுத்தோம்.

இராமானுஜத்தையே எடுத்துக் கொள்வோம். அவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நாமக்கல் நாமகிரித் தாயார் என்று இன்றும் உருகுவோர் உண்டு. அவரே அப்படித்தான் நம்பினார், மறைப்பானேன்? ஆனால் கேட்கிறோம்: பச்சையப்பன் கல்லூரியில் படித்து, எஃப்.ஏ. தேர்வெழுதி அவர் தோற்றது 1906இல். மீண்டும் எழுதித் தோற்றது 1907இல். அவ்விரண்டு ஆண்டுகளிலும் தாயார் நாமக்கல்லில்தானே இருந்தாள்? கனவிலே வந்து சூத்திரம் சொல்லத் தெரிந்தவளுக்குத் தேர்வு மண்டபத்திற்கு வழி தெரியாமற் போயிற்றா? வேலை தேடி வீடு வீடாக அலைந்த நாட்களில், அந்த இளைஞனுக்கு ஒரு படி அரிசியேனும் அவள் அளந்தாளா?

அளந்தது சென்னைத் துறைமுக அலுவலகம். எழுத்தர் வேலை, மாதம் 30 ரூபாய். அதன்பின் அளந்தது பல்கலைக் கழகம். மாதம் 75 ரூபாய். இந்த 75 ரூபாயின் கதைதான் மேடையில் வருவதில்லை.

1913 பிப்ரவரி இறுதியில், வானிலை ஆய்வுத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் பல்கலைக் கழகத்திற்கு ஒரு மடல் எழுதினார். இந்த எழுத்தருக்கு ஆராய்ச்சிக்கு வழி செய்யுங்கள் என்றார். முதுகலைப் பட்டம் பெற்றோர்க்கே அத்தகைய உதவி என்பது விதி. இராமானுஜத்திடமோ முதுகலையும் இல்லை, இளங்கலையும் இல்லை! விதி இடந்தரவில்லை என்று நாடாக்கட்டி வைத்து விட்டிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? ஆட்சிக் குழு அப்படிச் செய்யவில்லை. ஆளுநரின் ஒப்புதலைக் கேட்டது, பெற்றது. மே முதல் நாளிலிருந்து பணம் கொடுத்தது. மறு ஆண்டு இங்கிலாந்து செல்ல ஆண்டுக்கு 250 பவுன். கடல் கடந்தால் குலங்கெடும் என்றது சாத்திரம்; கப்பற் கட்டணமும் தருகிறோம், போய் வா என்றது பல்கலைக் கழகம்.

அவரை வீழ்த்திய தேர்வும் இதே கழகத்தின் தேர்வு. தூக்கிவிட்ட கையும் இதன் கைதான். பின்னதைச் சாதனை என்று கொண்டாடுவோம், தடையில்லை. ஆனால் கும்பகோணத்து அக்கிரகாரப் பிள்ளைக்கு மடல் எழுத ஆள் இருந்தது. சேரியிலும் குப்பத்திலும் பிறந்த இராமானுஜங்களுக்கு? அவர்கள் தேர்வில் தோற்கவும் கொடுத்து வைக்காதவர்கள். தோற்பதற்கும் உள்ளே நுழைய வேண்டுமல்லவா?

இன்னொன்று. இராமனும் சந்திரசேகரும் இங்கே பட்டம் பெற்றவர்கள். பரிசுக்குரிய ஆய்வை வேறிடங்களில் செய்தவர்கள். இக்கழகத்தின் கூரைக்குக் கீழேயே உலகம் வியந்த ஆய்வு நடக்கவில்லையா? நடந்தது. இயற்பியல் துறையில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொல்லாஜென் என்னும் புரதத்தின் அமைப்பை 1954இல் வெளியிட்டனர். மூன்று இழைகள் முறுக்கிக் கொண்ட கயிறு அது. 1963இல் வந்த இராமச்சந்திரன் வரைபடத்தை, ஒரு புரதத்தின் வடிவம் சரிதானா என்று சோதிக்க உலக ஆய்வுக் கூடங்கள் இன்றும் கையாளுகின்றன. நோபல் பரிசு கிட்டாத ஒரே குற்றத்திற்காக மேடைப் பட்டியலில் அவருக்கு இடமில்லை போலும்!

தோழர்களே, கொல்லாஜென் என்பது என்ன? தோலிலும் தசைநாணிலும் எலும்பிலும் உள்ள புரதம். ஆராயப்பட்டது கங்காரு வாலின் தசைநாண். பக்கத்துணையாக இருந்தது அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையம். செத்த மாட்டின் தோலை உரித்தவனைத் தீட்டென்று ஊருக்கு வெளியே நிறுத்திய நாட்டில், எந்தப் பொருளைத் தொட்டால் பாவமென்றார்களோ அந்தப் பொருளிலிருந்தே இக்கழகத்தின் தலையாய ஆய்வு பிறந்தது. வேதத்தில் எல்லாம் உண்டு என்போர், இந்த மூவிழைக் கயிறு எந்தச் சுலோகத்தில் உண்டு என்று காட்டட்டும், காத்திருக்கிறோம்.

அந்தத் தோலை உரித்தவன் பிள்ளை கல்லூரிக்குள் வந்தது எப்படி? கலைமகளுக்கு ஆண்டுதோறும் பொரிகடலை படைத்ததாலா? அவளைத் தொழுத நூற்றாண்டுகளில் அவன் பாட்டனுக்கு எழுத்து வாசனை உண்டா? வந்தது ஆணையால், சட்டத்தால். நீதிக்கட்சி ஆட்சியில் 1923ஆம் ஆண்டுப் பல்கலைக் கழகச் சட்டம் வந்தது. வகுப்புரிமை ஆணை வந்தது. 1951இல் உச்சநீதிமன்றம் அவ்வாணையைச் செல்லாதென்ற போது பெரியார் போராடினார், நாடு கொதித்தது, அதே ஆண்டில் அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. 2021–22ஆம் ஆண்டு மைய அரசின் கணக்கெடுப்புப்படி, உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் இந்திய அளவில் 28.4, தமிழ்நாட்டில் 47. மூன்று பெயர்ப் பட்டியலைவிட இந்த ஒரு எண்ணே நமக்குப் பெரிது.

சரி, இனி? எதிர்காலத் திட்டம் என்று அச்சிட்ட ஏடுகளில் 'உலகத் தரம்' என்ற சொல் பக்கத்திற்குப் பக்கம் பல்லிளிக்கிறது. உலகத் தரம் வரட்டும். அதற்குமுன் தலைமை நாற்காலிக்கு ஆள் வர வேண்டாமா? துணைவேந்தரின் பதவிக்காலம் 2023 ஆகஸ்டில் முடிந்தது. ஈராண்டு கடந்தும் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. 2024 பிப்ரவரியில் வருமானவரித் துறை கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. மாநிலப் பல்கலைக் கழகங்கள் பலவற்றின் துணைவேந்தர்களை அமர்த்தும் உரிமையை மாநில அரசுக்குத் தரச் சட்டமன்றம் 2022இல் மசோதா நிறைவேற்றியது. 2023 நவம்பரில் அது திரும்பி வந்தது. மன்றம் மீண்டும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவருக்கென ஒதுக்கப்பட்டது. அச்செயல் சட்டத்திற்கு மாறானது என்று 2025 ஏப்ரல் 8இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மே மாதத்திலேயே உயர்நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை! கடலுக்கு அப்பாலிருந்து ஆண்ட வெள்ளையனின் ஆளுநர், பட்டமில்லாத ஓர் எழுத்தனுக்காகச் சில வாரங்களில் ஒப்புதல் தந்தார். மக்கள் மன்றத்தின் மசோதாவுக்கு ஆண்டுகள் போதவில்லை.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடுவோர் வீட்டுப் பெண்கள் கல்லூரி ஏறுகிறார்கள். அரசுப் பள்ளியில் பயின்று வந்த பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் என்ற திட்டம் 2022இல் தொடங்கியது. நம்மிடம் எழுத்துக் கற்ற பிள்ளைகளும் அதனால் படி தாண்டினர். இளங்கலை முடிப்பார்கள். அதற்கு மேல்? ஆய்வுக்கு வரும் நாளில் வழிகாட்டப் பேராசிரியர் இருப்பாரா? உதவித்தொகை மாதந்தோறும் வருமா? 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக, ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட சொற்களைத் திரட்டித் தமிழ் அகராதி தந்த கழகம், அவள் தன் ஆய்வைத் தமிழில் எழுத இடந்தருமா?

அடுத்த விழா மேடையில் மூன்று பெயர்களைப் படிக்க எவரேனும் வந்தால், இளைஞர் ஒருவர் எழுந்து நின்று கேட்கட்டும்: "ஐயா, 75 ரூபாய் இந்த ஆண்டு யார் வீட்டுப் பிள்ளைக்குப் போயிற்று? எந்த மாதம் கையில் கிடைத்தது?"