எரிந்த படங்களும் எங்கள் அலுமாரிகளும்

ஆசிரியர்கள் சினிமாவைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். படம் பார்ப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், பாதுகாப்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

1927இல் ஜெர்மனியில் வந்த 'மெட்ரோபோலிஸ்' படத்தை வெட்டிக் குறைத்துவிட்டார்கள். வெட்டுப்பட்ட காட்சிகள் 2008இல் ஆர்ஜென்டினாவில் ஓர் அருங்காட்சியகத்தில் கிடைத்தன. எண்பது வருஷம் கழித்து! சீர்செய்து 2010இல் திரும்பத் திரையிட்டார்கள்.

நம் நாட்டிலே? 1947இல் முதல் சிங்களப் படத்தைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். வெசாக் காலத்தில் நம் காதிலும் விழும் சிங்களப் பாட்டுகளைப் பாடிய மொஹிதீன் பேக், சேலத்தில் பிறந்த முஸ்லிம். வரிப்பத்தான்சேனைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? விஜய், அஜித் வரலாறு என்றால் தலைகீழாய்ச் சொல்வார்கள்.

'தோட்டக்காரி' (1963), 'குத்துவிளக்கு' (1972), 'வாடைக்காற்று' (1978) என்று இலங்கையிலும் தமிழ்ப் படங்கள் வந்தன. 1983 கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தது. தமிழ்ப் படச்சுருள்கள் பல அந்த நாட்களில் அழிந்தன.

அது கலவரக்காரர் செய்த வேலை. மிச்சம் இருப்பதைக் குப்பையில் போடுவது நாங்களேதான். மூத்தவாப்பா காலத்து வானொலி கெசட், பாடசாலை நாடகத்து நோட்டீஸ், பழைய போட்டோ அலுமாரிக்கு மேலே கிடந்தால் பெருநாளைக்கு வீடு துப்புரவாக்கும்போது எறியாதீர்கள். பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள். பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறோம்.