முதல் வசந்தம் எனும் பெயர்



தேவதானத்திலிருந்து நமது மதரஸாவுக்கு வந்து ஓதும் மாணவர் ஒருவர் சென்ற வாரம் ஒரு கேள்வியோடு வந்தார். அவருடைய அண்ணன் வளைகுடாவில் ஓர் உணவகத்தில் பணிபுரிகிறார். அங்குள்ள உணவுப் பட்டியலைப் படமெடுத்து அனுப்பி, "பாஸ்தா பிரிமவேரா என்று ஒன்று இருக்கிறது. காய்கறி உணவு என்கிறார்கள். சாப்பிடலாமா என்று ஹஜ்ரத்திடம் கேள்" என்றிருக்கிறார். தம்பி அந்தப் பெயரைக் கைப்பேசியில் தேடியபோது மரத்தின் படம் வந்து நின்றது. "ஹஜ்ரத், இது மரமா, சாப்பாடா?" என்றார். வகுப்பே சிரித்தது, நாமும் சிரித்துவிட்டோம்.

இரண்டும்தான். இத்தாலிய, ஸ்பானிய மொழிகளில் பிரிமவேரா என்றால் இளவேனில். அதன் லத்தீன் வேரைப் பிரித்தால் 'முதல் வசந்தம்' என்று வரும். ஓதிய பிள்ளைகளுக்கு இங்கே காது விடைக்க வேண்டும். ரபீஉல் அவ்வல் என்பதன் பொருளும் அதுவே அல்லவா?

நம் மாதத்தின் பெயர் பருவத்தை ஒட்டி அமைந்தது. அறியாமைக் காலத்து அரபிகள் மாதங்களை முன்பின் தள்ளிவந்த வழக்கத்தைத் திருக்குர்ஆன் அத்தவ்பா அத்தியாயத்தில் கண்டித்து, மாதங்கள் பன்னிரண்டே என உறுதிப்படுத்தியது. அதன்பின் சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவாகவே ஓடுகிறது. 2008-இல் மீலாது மார்ச் மாதத்தில் வந்தது. அவ்வாண்டு வசந்தம் உண்மையிலேயே வசந்தமாக இருந்தது. 2025-இல் அது செப்டம்பருக்கு வந்துவிட்டது. மேடையில் 'வசந்த மாதமே வருக' என்று முழங்கிய பேச்சாளர் கைக்குட்டையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெயர் நின்றது, பருவம் நகர்ந்தது. இதனால் ஏமாந்தவர் எவருமில்லை. வேளாண்மைத் துறை அறிவிப்பில் வரும் 'ரபி பருவம்' என்பதும் இதே அரபுச் சொல்தான். வசந்தத்தில் அறுவடையாகும் பயிர்களைக் குறிப்பது. பயிர்க் காப்பீட்டுப் படிவத்தை நிரப்பும் தேவதானத்து விவசாயி, தாம் அரபி எழுதுவதை அறியமாட்டார்.

பெயர் சந்தைக்குள் நுழையும்போதுதான் நமக்குக் கவலை பிறக்கிறது.

பிரிமவேரா மரம் தென் மெக்சிகோவிலும் குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் நாடுகளிலும் வளர்வது. இலை உதிர்த்து நிற்கையில் உடல் முழுதும் மஞ்சள் பூவாகப் பூக்கும். வசந்தத்தின் பெயர் அதற்குப் பொருத்தமே. ஆனால் மரவணிகத்தில் அதற்கு 'வெள்ளை மகோகனி' என்று மற்றொரு பெயரும் இருக்கிறது. மகோகனி நம் வேம்பின் குடும்பம். பிரிமவேராவோ நம் மலைப்பக்கத்துப் பாதிரியின் குடும்பம். இரண்டுக்கும் உறவே இல்லை. பெயர்பெற்ற மரத்தின் பெயரை வேறொன்றின் மீது ஏற்றினால், வாங்குபவன் எதற்குக் காசு கொடுக்கிறான்?

இதை ஏட்டறிவாகச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மதரஸா வாசலுக்கு நிலை வைக்க, ஜமாஅத்தார் கொடுத்த பணத்தில் தேக்கு என்று சொல்லி விற்கப்பட்ட மரத்தை வாங்கி வந்தோம். இழைப்புளி போட்ட ஆசாரி சுருளை முகர்ந்து பார்த்துவிட்டு, "பாய், இது தேக்கு இல்லை" என்றார். கடைக்காரரிடம் போனால், ரசீதில் 'முதல்தர மரம்' என்றுதானே எழுதியிருக்கிறது என்றார். எழுதியிருந்தது அப்படித்தான். ரசீதைப் படிக்காமல் பணத்தைக் கொடுத்தது நம் பிழை. பிறருடைய அமானிதப் பணம் என்பதால் அந்தப் பிழை இன்னும் உறுத்துகிறது.

மதீனாவின் கடைவீதியில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்கள் ஈரத்தில் பட்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மழையில் நனைந்தது என்று வணிகர் காரணம் சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுவோரைத் தம்மைச் சாராதவர் என்றார்கள். மழை பெய்தது அவ்வணிகருடைய குற்றமன்று. மேலே தெரிந்ததும் உள்ளே இருந்ததும் வேறாக இருந்ததே குற்றம். பெயரும் அப்படி மேலே பரப்பி வைத்த தானியம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நம்மவர் பலர் அதை ஊர்ப் பெருமையாக மட்டுமே பேசினர். வேறெங்கோ கிண்டியதை அவ்வூரின் பெயரில் விற்கக் கூடாது என்ற வணிக ஒழுக்கம் அதற்குள் இருப்பதைக் குறைவாகவே பேசினோம்.

இனி அண்ணனின் தட்டுக்கு வருவோம். பாஸ்தா பிரிமவேரா பழமையான இத்தாலிய உணவன்று. 1970-களில் நியூயார்க்கின் 'லெ சிர்க்' உணவகத்தால் புகழடைந்தது; 1977-இல் நியூயார்க் டைம்ஸ் அதன் செய்முறையை வெளியிட்டது. காய்கறிகளுடன் வெண்ணெயும் பாலேடும் பார்மெசான் பாலாடைக்கட்டியும் அதில் சேரும். இத்தாலிய மரபில் அந்தக் கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் உறைய வைக்கின்றனர். முறைப்படி அறுக்கப்படாத கன்றின் உறைபொருளை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) ஆகும் என்பார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் ஆகாது. நுண்ணுயிர் கொண்டு உறைய வைத்த கட்டிகளும் கடைகளில் கிடைக்கின்றன. சில சமையற்காரர்கள் கோழிச்சாறு ஊற்றுவர், சிலர் ஒயின் சேர்ப்பர். இவற்றுள் எதையும் 'காய்கறி' என்ற சொல் காட்டிக்கொடுக்காது.

ஆகவே "கூடும்" என்றோ "கூடாது" என்றோ நாம் சொல்லவில்லை. சமையற்காரரிடம் என்னென்ன சேர்க்கிறார் என்று கேட்கச் சொன்னோம். மறுநாளே பதில் வந்தது. ஒயின் இல்லை, கோழிச்சாறு இல்லை, வெண்ணெயும் பாலேடும் உண்டு. பாலாடைக்கட்டி எப்படிச் செய்யப்பட்டது என்று அவருக்குத் தெரியவில்லையாம். பொட்டலத்தின் பின்புறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.